லெந்து காலத்தில் விசுவாசப் பிரமாணத்தை வரி வரியாக எடுத்தால் சபை உயிர்ப்படையுமா?

கோத்தகிரி_குளிர் | ஞாயிறு மாலை 6.10

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கோத்தகிரி பக்கத்தில் ஒரு சின்ன சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. இந்த வருடம் பாஸ்டரேட் கமிட்டியில், அதாவது சபை நிர்வாகக் குழுவில், நானும் இருக்கிறேன். லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், தவக்காலம்) வழக்கமாக மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடத்துவோம். கீழே சமவெளியில் இருந்து பிரசங்கியார் வருவார், கீபோர்டு, டிரம்ஸ், சவுண்ட் சர்வீஸ் எல்லாம் இருக்கும். கடைசி நாள் இரவு அழுதுகொண்டே முன்னால் போய் முழங்கால் போடுவோம். ஈஸ்டர் முடிந்த சில வாரத்தில் பின்வரிசை பெஞ்சுகள் மறுபடி காலி. யார் யாருடன் பேசாமல் இருந்தார்களோ அவர்கள் அப்படியே பேசாமல்தான் இருப்பார்கள்.

இந்த முறை நான் சொன்ன யோசனை இது. வெளியாள் வேண்டாம். பெரிய வெள்ளிக்கு முன்னால் வரும் ஆறு வெள்ளிக்கிழமையும் மாலை ஒரு மணி நேரம் கூடுவோம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறேன் என்று ஆராதனையில் சொல்கிறோமே, அந்த அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை எடுத்து ஒவ்வொரு பகுதியாகப் பேசுவோம். ஞாயிறுதோறும் எழுந்து நின்று கடகடவென்று சொல்லிவிட்டு உட்காருகிறோம். கன்ஃபர்மேஷன் (திடப்படுத்தல்) வகுப்புப் பிள்ளை ஒன்று, ‘பரிசுத்தவான்களுடைய ஐக்கியம் என்றால் என்ன அங்கிள்?’ என்று கேட்டால் கமிட்டியில் பாதிப் பேர் ஆயர் முகத்தைத்தான் பார்ப்போம்.

கமிட்டியில் கடும் எதிர்ப்பு. ‘அது பிள்ளைகளுக்கு உள்ள பாடம், பெரியவர்களுக்கு எழுப்புதல்தான் வேண்டும்’ என்றார் ஒருவர். ‘இந்தக் குளிரில் பாடம் கேட்க யார் வருவார்?’ என்றார் இன்னொருவர். உங்கள் சபைகளில் இப்படி யாராவது செய்ததுண்டா? நடந்ததைச் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தில் பேச எனக்கு உதவும்.

அக்கினி_ஊழியன் | ஞாயிறு இரவு 8.35

பிரதர், குன்னூரில் ஒரு சிறிய ஜெபவீட்டில் ஊழியம் செய்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் உங்கள் கமிட்டியில் எதிர்த்தவர்கள் பக்கம்.

வெளிப்படுத்தின விசேஷம் 2ஆம் அதிகாரத்தில் எபேசு சபையைப் பாருங்கள். உபதேசத்தில் அந்தச் சபைக்குக் குறையே கிடையாது. கள்ள அப்போஸ்தலர்களைச் சோதித்துப் பொய்யர் என்று கண்டுபிடித்த சபை அது. உழைத்தார்கள், சகித்தார்கள். இருந்தும் ஆண்டவர், ஆதியில் இருந்த அன்பை விட்டுவிட்டாய் என்கிறார். விளக்குத்தண்டை எடுத்துவிடுவேன் என்று எச்சரிக்கிறார். பிரமாணத்தை இன்னும் நூறு தடவை விளக்கினால் அந்த அன்பு வந்துவிடுமா? பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு வகுப்பு எடுக்கவில்லை. ஆவியானவர் இறங்கினார், மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள்.

எங்களிடம் பிரமாணம் சொல்லும் வழக்கமே கிடையாது. அதனால் எங்கள் விசுவாசம் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

கொடை_மூஞ்சிக்கல் | ஞாயிறு இரவு 9.20

கோத்தகிரி அண்ணா, கொடைக்கானலில் இருந்து சொல்கிறேன். எங்கள் ஊர் நிலைமையைப் பார்த்தால் உங்கள் யோசனைக்கு என் ஓட்டு நிச்சயம். ஏப்ரல், மே வந்தால் இங்கே சபைக்குச் சபை தியான முகாம். மதுரையில் இருந்தும் திருநெல்வேலியில் இருந்தும் வேன் வேனாக வருவார்கள். வெள்ளி வந்து ஞாயிறு மதியம் இறங்கிவிடுவார்கள். ‘மலையில் தேவனைச் சந்தித்தோம்’ என்று சாட்சி வேறு. நாங்கள் வருடம் முழுக்க இதே மலையில்தான் இருக்கிறோம், எங்களுக்கு அப்படி ஒன்றும் தனியாகத் தெரியவில்லை :)

1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் இங்கே வந்து வீடு கட்டினது மோசேயைப் போல மலையேறித் தேவனைப் பார்க்க அல்ல. கீழே காய்ச்சலிலும் காலராவிலும் சாகாமல் இருக்க வந்தார்கள். உடம்பு தேறினதும் திரும்ப இறங்கி மதுரைக்கு வேலைக்குப் போனார்கள். முகாமுக்கு வருகிறவர்கள் அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

மலைரயில்76 | ஞாயிறு இரவு 10.15

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் நான், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊழியரே, அப்போஸ்தலர் நடபடிகள் 2ஐ முழுக்க வாசியுங்கள். ஆவியானவர் இறங்கினபின் பேதுரு என்ன செய்கிறார்? யோவேலை எடுக்கிறார், தாவீதின் சங்கீதத்தை எடுக்கிறார், நீங்கள் சிலுவையில் அறைந்த இயேசுவைத் தேவன் எழுப்பினார் என்று சொல்கிறார். அதுதான் பிரமாணத்தின் நடுப்பகுதி. ஜனங்கள் இருதயத்தில் குத்தப்பட்டது அதைக் கேட்ட பிறகு. 42ஆம் வசனத்தில், சேர்ந்தவர்கள் அப்போஸ்தலருடைய உபதேசத்தில் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று இருக்கிறது.

எபேசுவைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அடுத்த வசனத்தில் ஆண்டவர் மருந்தும் சொல்கிறார். எந்த நிலைமையிலிருந்து விழுந்தாய் என்று நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய். மூன்றில் முதலாவது நினைப்பது. புதிதாக ஒன்றைத் தேடிப்போ என்று அவர் சொல்லவில்லை.

இன்னொரு சபையையும் பாருங்கள், கொரிந்து. வரங்களுக்கு அங்கே பஞ்சமில்லை. அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், எல்லாம் உண்டு. 12இலிருந்து 14 வரை பவுல் அதை ஒழுங்குபடுத்துகிறார். முடித்துவிட்டு 15ஆம் அதிகாரத்தில் எங்கே போகிறார்? நான் உங்களுக்குப் பிரதானமாய் ஒப்புவித்தது இதுதான் என்று ஆரம்பித்து, கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்கிறார். அதுவும் தான் பெற்றுக்கொண்டதைக் கொடுத்ததாகச் சொல்கிறார். வரங்கள் நிறைந்த சபைக்கே அடிப்படையைத் திரும்ப ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

காந்தல்வாசி | திங்கள் காலை 7.05

ஊட்டி காந்தலில் மறைக்கல்வி எடுக்கிறேன். கத்தோலிக்கர் இதில் பேசலாம் என்று நினைக்கிறேன்!

குளிர் அண்ணா, நீங்கள் சொல்வது புது யோசனையே அல்ல. ஆதித் திருச்சபையில் தவக்காலம் உருவானதிலேயே இதற்குப் பங்கு உண்டு. ஈஸ்டர் இரவில் திருமுழுக்குப் பெறப் போகிறவர்களுக்கு அந்த நாற்பது நாளில் விசுவாச அறிக்கையை வரி வரியாகக் கற்பிப்பார்கள். எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது, மனப்பாடம்தான். பிறகு அவர்கள் ஆயர் (பிஷப்) முன்னால் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எருசலேமில் 4ஆம் நூற்றாண்டில் சீரில் என்ற ஆயர் நடத்திய அந்தப் போதனைகள் இன்றும் நம் கையில் இருக்கின்றன. ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள்.

எங்களுக்குப் பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டர் இரவு வழிபாடு) இன்றைக்கும் அது இருக்கிறது. கையில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, தந்தையாகிய கடவுளை நம்புகிறீர்களா என்று குருவானவர் கேட்பார். கோவிலே சேர்ந்து பதில் சொல்லும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நாற்பது நாளும் பரிகாரம், சிலுவைப்பாதை, கறி சாப்பிடாமல் இருப்பது என்று போகிறது. அந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்லப் போகிறோம் என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை.

இறங்கிப்போனவன் | திங்கள் மதியம் 1.40

கோத்தகிரியில் பிறந்து இப்போது கோவையில் ஐ.டி. வேலை. சபைக்குப் போவதை விட்டுப் பல வருடம். அம்மாவுக்காகக் கிறிஸ்துமஸ் அன்று மட்டும். இந்த இழையை அம்மாதான் அனுப்பினார்கள்.

எல்லாரும் பிரமாணத்தைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். ஒரு கேள்வி. ‘கன்னிமரியாளிடத்தில் பிறந்தார்’ என்ற வரிக்கு அடுத்த வரி ‘பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு.’ நடுவில் எங்கே போனார் இயேசு? மலைப்பிரசங்கம் இல்லை, குஷ்டரோகியைத் தொட்டது இல்லை, சத்துருவை நேசி என்றது இல்லை, ஆயக்காரன் வீட்டில் சாப்பிட்டது இல்லை. நான் இயேசுவிடம் மதிப்பு வைத்திருக்கும் எல்லா விஷயமும் அந்த ஒரு காற்புள்ளிக்குள் போய்விட்டது. இதைத்தான் அடிப்படை என்று சொல்லப் போகிறீர்கள் என்றால் என் மாதிரி ஆட்கள் திரும்பி வருவது கஷ்டம்.

கோத்தகிரி_குளிர் | திங்கள் மதியம் 2.15

தம்பி, இந்தக் கேள்வியை நான் கமிட்டியில் கேட்டிருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். நல்ல கேள்வி. யாராவது பதில் சொல்லுங்கள்.

அக்கினி_ஊழியன் | திங்கள் மாலை 4.50

இதில் நான் அந்தத் தம்பி பக்கம். பிரமாணத்தில் வேதாகமம் என்ற வார்த்தைகூட இல்லை. ஆவியானவருக்கு ஒரே ஒரு வரி. அதனால்தான் சொல்கிறேன், நேரே சுவிசேஷத்துக்குப் போங்கள்.

மலைரயில்76 | திங்கள் இரவு 9.00

தம்பி கேட்டது நியாயம். அதைச் சமாளித்து மழுப்ப மாட்டேன்.

பிரமாணம் முதலில் ஞானஸ்நானத்தில் கேட்கப்பட்ட கேள்விகளாக இருந்தது. பிதாவை விசுவாசிக்கிறாயா, குமாரனை விசுவாசிக்கிறாயா, பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறாயா என்று மூன்று கேள்வி, மூன்று முறை தண்ணீர். ரோமாபுரிச் சபையில் அது வளர்ந்து, நாம் இன்று சொல்லும் வடிவத்துக்கு வர 8ஆம் நூற்றாண்டு ஆகிவிட்டது. தண்ணீரில் நிற்கிறவனுக்கு மலைப்பிரசங்கம் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனவே அது முழுப் பாடத்திட்டம் அல்ல. எவர் மேல் நம்பிக்கை வைக்கிறாய் என்று கேட்டு வாங்கும் வாக்கு அது. அதை மட்டும் வைத்துக்கொண்டு சுவிசேஷத்தை மூடி வைத்தால் நீங்கள் சொல்லும் ஓட்டைதான் மிஞ்சும்.

ஆனால் அந்தக் காற்புள்ளிக்கு அடுத்து ஒரு ரோம அதிகாரியின் பெயர் வருகிறது, கவனித்தீர்களா? கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட மனிதன். சபை உலகம் முழுக்க ஞாயிறுதோறும் ஒரு கவர்னரின் பெயரைச் சொல்கிறது. ‘ஒரு காலத்தில் ஒரு தேவன் இறந்து உயிர்த்தார்’ என்ற புராணமாக இது ஆகிவிடக் கூடாது, இந்த மண்ணில், இந்த ஆட்சியில், இந்தத் தேதிக்குள் நடந்தது என்று சொல்வதற்காக. தம்பி மதிக்கும் அந்த மனிதரைக் கொன்றது யார் என்பதும் அதில் இருக்கிறது.

இன்னொன்று. நிசேயா சங்கம் (பிஷப்புகள் கூடிய பேரவை) கூடியது 325இல், 2025இல் 1700 வருடம் ஆனது. ஆரியு என்ற மூப்பர், குமாரன் படைக்கப்பட்டவர், பிதாவுக்குக் கீழானவர் என்று போதித்தார். சங்கம் அதை மறுத்து, குமாரன் பிதாவோடே ஒரே தன்மையுடையவர் என்று எழுதியது. இது பண்டிதர் சண்டை போலத் தெரியும். உங்கள் குஷ்டரோகி உதாரணத்தையே வைத்துப் பாருங்கள். தொட்டவர் ஒரு நல்ல மனிதர் மட்டும்தான் என்றால் அது ஒரு நல்ல செயல், அவ்வளவு. தொட்டவரும் பிதாவும் ஒரே தன்மை என்றால், தேவனே குஷ்டரோகியைத் தொடுகிறவர் என்று ஆகிறது. தேவன் எப்படிப்பட்டவர் என்ற கேள்விக்கே பதில் அங்கே மாறிவிடுகிறது.

இறங்கிப்போனவன் | திங்கள் இரவு 9.30

கடைசிப் பத்தி யோசிக்க வைத்தது ஐயா. ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை.

கேத்தி_கேரட் | செவ்வாய் காலை 6.20

கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட், உருளைக்கிழங்கு போடுகிறோம், கொஞ்சம் தேயிலையும் உண்டு. படுகர் குடும்பம், பாசல் மிஷன் (சுவிட்சர்லாந்து மிஷனரிச் சங்கம்) காலத்தில் விசுவாசத்துக்கு வந்தவர்கள். 1846இல் மிஷன் கேத்திக்கு வந்தது. முதல் படுகர் ஞானஸ்நானம் 1858இல். நடுவில் 12 வருடம். ‘பாடம் கேட்க யார் வருவார்?’ என்று கேட்ட கமிட்டி அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

நான் எழுத வந்தது வேறு. 2009 நவம்பர் மழை இங்கே யாருக்கும் மறக்காது. கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அந்த வருடம் புத்தாண்டு ஆராதனையில் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை (அந்த வருடத்துக்கென்று வசனம் அச்சடித்த அட்டை) சங்கீதம் 91இல் இருந்து, ‘பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது.’ கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தோம். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வளைவு தள்ளி உறவுக்காரர் வீடு போய்விட்டது, உள்ளே இருந்தவர்களோடு. அவர்களும் அதே சபை, அதே இரவு அட்டை எடுத்தவர்கள்தான்.

பிறகு வந்த கூட்டங்களில், ‘பாவம் இருந்தால்தான் பாதுகாப்பு விலகும்’ என்று ஒரு பிரசங்கியார் பேசினார். என் அப்பா பாதியில் எழுந்து வெளியே போனார். அதற்குமேல் அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. ஆராதனைக்கு மட்டும் போவார். அவரைப் பிடித்து வைத்தது அடக்க ஆராதனையில் ஆயர் சொல்லச் சொன்ன பிரமாணம். ‘பாடுபட்டு, சிலுவையில் அறையுண்டு, மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, பாதாளத்தில் இறங்கினார்.’ அத்தனையும் இறங்கிக்கொண்டே போகிற வரி. மண்ணுக்குள் போனவர்களுக்கு முன்னால் அவர் போயிருக்கிறார் என்று அப்பா ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசினதில்லை.

ஆகவே எனக்குப் பிரமாணம் பிள்ளைகள் பாடம் இல்லை. ‘சரீரம் உயிர்த்தெழுதலும்’ என்று இருக்கிறதே, ஆத்துமா எங்கேயோ பறந்துபோகிறது என்று இல்லாமல், அதற்கு ஒரு முழு வெள்ளிக்கிழமை கொடுங்கள்.

காந்தல்வாசி | செவ்வாய் காலை 6.55

அக்கா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

91ஆம் சங்கீதத்தைப் பற்றி ஒன்று. இயேசு சோதிக்கப்பட்டபோது அவரிடம் அதை மேற்கோள் காட்டுவது பிசாசு. தேவாலய உப்பரிகையில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். தவக்காலத்தின் முதல் ஞாயிறு நற்செய்தியே அந்தச் சோதனைதான். அட்டை அச்சடிக்கிறவர்கள் அந்தப் பகுதியையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

லைன்வீடு | செவ்வாய் மதியம் 12.30

கூடலூர் பக்கம். தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்கள், தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் செய்த 1964 ஒப்பந்தம். நான் இங்கே லைனில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பிறந்தவன்.

அட்டையைப் பற்றிப் பேச்சு வந்ததால். எங்கள் சபையில் அதிகம் சுற்றுவது எரேமியா 29:11, ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு’ என்று வருமே, அது. அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று அதில் இருக்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகாமலே செத்துப்போவார்கள் என்று தெரிந்தே எழுதின கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று அதற்கு முன்னால் இருக்கிறது. நாடு மாறி வந்து லைன் வீட்டிலேயே தலைமுறை போன எங்களுக்கு அந்த முழுக் கடிதமும் ஆறுதல். ஒரு வரியை மட்டும் வெட்டிக் கொடுத்தால் அது லாட்டரிச் சீட்டு.

இனி யாருக்கும் பிடிக்காத விஷயம். குளிர் அண்ணா முதல் பதிவில் ‘பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்’ என்று கேட்டீர்கள். விளக்கம் சொல்கிறேன். மலையிலும் சரி, கீழேயும் சரி, ஒரே பிரமாணம் சொல்லிவிட்டு, ஒரே அப்பத்தில் பங்கு எடுத்துவிட்டு, கல்யாணப் பேச்சு என்று வந்தால் ஊர், தெரு, தாத்தா பெயர் என்று விசாரிக்கிறோம். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலேயே சுவர் இருக்கிறது. இந்தச் சண்டை புதிது இல்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் உவில்சன், சபைக்குள் ஜாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே விலகினார்கள். நாம் பாடுகிற கீர்த்தனைகளை எழுதின வேதநாயகம் சாஸ்திரியாரே வேறுபாடு நீடிக்கலாம் என்ற பக்கத்தில்தான் நின்றார். அவருக்குப் பிரமாணம் தெரியாமலா இருந்தது? உங்களைவிட என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் ஊழியர் அண்ணன் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. தெரிந்துகொண்டால் மட்டும் மாறிவிடுமா?

அக்கினி_ஊழியன் | செவ்வாய் மதியம் 12.55

லைன்வீடு தம்பி, ஆமென். ஆனால் உண்மையைச் சொன்னால் எங்கள் ஜெபவீடுகளிலும் இது ஒழியவில்லை. ஒரே ஆவியில் நிறைந்து பாஷை பேசுகிறவர்கள், வரன் பார்க்கும்போது பழைய பாஷைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

பச்சைத்தேயிலை | செவ்வாய் மாலை 3.10

ஆன்மிகப் புதுப்பிப்பு என்பது தேயிலைக்குக் கவாத்து வெட்டுகிற மாதிரி. அடியோடு வெட்டினால்தான் புதுத் துளிர் வரும். யோசித்துப் பாருங்கள் நண்பர்களே.

கேத்தி_கேரட் | செவ்வாய் மாலை 3.25

அண்ணா, கவாத்து உதாரணம் நீலகிரியில் எல்லாப் பிரசங்கத்திலும் வந்துவிட்டது. பச்சை இலைக்கு என்ன விலை போகிறது என்று வெட்டினவனைக் கேளுங்கள் :)

மலைரயில்76 | செவ்வாய் இரவு 8.45

லைன்வீடு கேட்டதுதான் இந்த இழையின் உண்மையான கேள்வி. தெரிந்தால் மாறுமா?

தெரிந்தும் மாறாத ஒருவரைச் சொல்கிறேன். ஜான் வெஸ்லி, பிற்பாடு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கினவர். ஆங்கிலிக்கன் குருவானவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர், உபவாசம், சிறைச்சாலை ஊழியம் எல்லாம் ஒழுங்காகச் செய்தவர். அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போய்த் தோற்றுத் திரும்பினார். 1738 மே 24 மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். அங்கே ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதின முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி முன்னதாக, கிறிஸ்துவை விசுவாசிப்பதால் தேவன் இருதயத்தை மாற்றுகிறார் என்ற பகுதி வந்தபோது, என் பாவத்தை, ஆம், என்னுடையதைக்கூட அவர் எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் வந்தது என்று தன் நாட்குறிப்பில் எழுதினார். அவர் அன்று கேட்டது எதுவும் அவருக்குப் புதிய தகவல் அல்ல. ‘பாவமன்னிப்பும் உண்டென்று விசுவாசிக்கிறேன்’ என்று சிறுவயது முதல் சொன்னவர். மற்றவர்களுக்கு உண்டு என்று நம்பினார், தனக்கு உண்டு என்பது அன்றுதான்.

அக்கினி_ஊழியன் | செவ்வாய் இரவு 9.05

ஐயா, அந்த நாட்குறிப்பில் இருதயம் அனல்கொண்டது என்றும் எழுதியிருக்கிறார் அல்லவா? அதை மட்டும் விட்டுவிட்டீர்களே!

மலைரயில்76 | செவ்வாய் இரவு 9.20

விட்டுத்தான் பார்த்தேன், பிடித்துவிட்டீர்கள். சரி, அனல் உங்களுக்கு, முன்னுரை எனக்கு. இரண்டும் ஒரே இரவில் ஒரே அறையில் இருந்தது என்பதுதான் விஷயம்.

லூத்தரைப் பற்றியும் ஒன்று சேர்த்துவிடுகிறேன், கமிட்டிக்கு உதவும். 1529இல் சிறிய ஞானோபதேசத்தை (விசுவாசத்தின் அடிப்படைகளைக் கற்பிக்கும் நூல்) பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் எழுதினவர் அவர். பெரிய ஞானோபதேசத்தின் முன்னுரையில், தானும் ஒரு வேதபண்டிதன், பிரசங்கி, இருந்தும் காலையிலும் நேரம் கிடைக்கும் மற்ற வேளையிலும் பத்துக் கட்டளை, பிரமாணம், கர்த்தருடைய ஜெபத்தைச் சிறுபிள்ளையைப் போல வார்த்தை வார்த்தையாகச் சொல்வதாக எழுதுகிறார். அது பிள்ளைகள் பாடம் என்று தள்ளின குருமாரைப் பார்த்துத்தான் அவ்வளவு கோபமாக எழுதினார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழில் முதலில் ஆக்கின நூல்களில் அந்த ஞானோபதேசமும் ஒன்று.

லைன்வீடு, உங்களுக்கு என் பதில். தெரிந்தால் மட்டும் மாறாது. ஆனால் பிரமாணத்தைச் சொல்லிவிட்டு கல்லறையில் சுவர் வைக்கிறவனிடம், நீ சொன்னதே உனக்கு எதிராக நிற்கிறது என்று காட்டலாம். புது அனுபவத்தை மட்டும் தேடுகிற கூட்டத்தில் அதற்கு இடமில்லை. அனுபவம் என்னுடையது, யாரும் அதை எடுத்து என்னைக் கேள்வி கேட்க முடியாது. பிரமாணம் என்னுடையது மட்டும் அல்ல. அதைச் சொல்லும் எல்லாரும் என்னைக் கேள்வி கேட்கலாம்.

லைன்வீடு | செவ்வாய் இரவு 9.50

சரி ஐயா. கேட்கிறவனை அதற்குப் பிறகு கமிட்டியில் வைத்துக்கொள்வார்களா என்பதுதான் பாக்கி.

இறங்கிப்போனவன் | புதன் காலை 10.20

‘அதைச் சொல்லும் எல்லாரும் என்னைக் கேள்வி கேட்கலாம்.’ ஐயா, இது உண்மையாக நடக்கிற ஒரு சபையைக் காட்டுங்கள், நான் பேருந்து ஏறி வருகிறேன். நான் விட்டது விசுவாசம் குறைந்து அல்ல. இரண்டு கேள்வி கேட்டதற்குப் பின்மாற்றக்காரன், விசுவாசத்தை விட்டு விலகினவன் என்று முத்திரை குத்தினார்கள்.

கோத்தகிரி_குளிர் | வியாழன் இரவு 9.40

நேற்று இரவு கமிட்டி கூடியது. எல்லாருடைய பதிலையும் அச்சடித்து எடுத்துப் போனேன், பெயர் இல்லாமல். முடிவு பாதிப் பாதி. ஆறு வெள்ளிக்கும் ஒத்துக்கொண்டார்கள். மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்தை ஒரு நாள் ஆக்கியிருக்கிறோம், கீபோர்டு உண்டு, டிரம்ஸ் இல்லை. (டிரம்ஸ் இல்லாததற்குக் காரணம் வாடகை, இறையியல் அல்ல.)

வகுத்தது இப்படி. முதல் வெள்ளி பிதாவும் சிருஷ்டிப்பும், அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று எண்ணம். இரண்டாவது குமாரன், நிசேயா, பிறப்பு. மூன்றாவது வெள்ளிக்குக் கோவைத் தம்பியின் காற்புள்ளி. பிறந்தார் என்பதற்கும் பாடுபட்டார் என்பதற்கும் நடுவே லூக்கா சுவிசேஷத்திலிருந்து வாசிப்போம், பிறகு பிலாத்து, சிலுவை, அடக்கம். நான்காவது உயிர்த்தெழுதல், பரமேறுதல், நியாயத்தீர்ப்பு. ஐந்தாவது பரிசுத்த ஆவி, சபை, ஐக்கியம். ஆறாவது பாவமன்னிப்பு, சரீரம் உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன். கேத்தி அக்கா கேட்டபடி முழு வெள்ளி கிடைக்கவில்லை, ஆனால் அந்த மாலையின் பெரும்பகுதி அதற்குத்தான்.

யாரும் பிரசங்கம் செய்யப் போவதில்லை. ஆயர் பத்து நிமிடம் பேசுவார். மீதி நேரம் கேள்வி. கேள்விகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம், பெயர் வேண்டாம்.

ஐந்தாவது வெள்ளியில் சண்டை வந்தது. கல்லறை, கல்யாணம் இரண்டையும் எடுக்க வேண்டும் என்றேன். பொருளாளர், ‘பிரமாணத்தோடு நிறுத்து, ஊர் விஷயம் வேண்டாம்’ என்கிறார். ஆயர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

லைன்வீடு | வியாழன் இரவு 10.00

பெட்டி இருக்கிறது இல்லையா? ஐந்தாவது வெள்ளிக்கு நானே வந்து சீட்டுப் போடுகிறேன். அப்புறம் அது ஊர் விஷயம் இல்லை, கேள்வி.

அக்கினி_ஊழியன் | வியாழன் இரவு 10.10

ஐந்தாவது வெள்ளிக்கு நானும் வரலாமா பிரதர்? பரிசுத்த ஆவிக்கு ஒரு வரிதான் என்று குறை சொன்னேன், அந்த ஒரு வரியை எப்படி எடுக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். பாட்டு வேண்டுமானால் கிட்டார் கொண்டுவருகிறேன்.

கோத்தகிரி_குளிர் | வியாழன் இரவு 10.15

தாராளமாக வாருங்கள். குன்னூருக்குத் திரும்பும் பஸ் நேரத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகவே ஏழரைக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இறங்கிப்போனவன் | வெள்ளி காலை 8.05

மூன்றாவது வெள்ளி எந்தத் தேதி? அம்மா கேட்கிறார்கள். நானும்தான்.

காந்தல்வாசி | வெள்ளி காலை 8.30

அண்ணா, ஆறு வாரமும் பெட்டியில் வரும் கேள்விகளை இங்கே போடுவீர்களா? எங்கள் மறைக்கல்வி வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன். முதல் வெள்ளியைச் சீக்கிரம் முடிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், ‘சர்வவல்லமையுள்ள’ என்பதிலேயே என் வகுப்பு இரண்டு வாரம் சிக்கிக்கொண்டது.